நாலரை மணி நேரம்: குழந்தைகளுக்கான சமூகப்பணியை வேலையாக எடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

அக்கா மகள் இந்த வருடம் இளங்கலை முடிக்கிறாள். அடுத்து எம்எஸ்டபிள்யூ படிக்கப் போகிறாளாம். அதிலும் குழந்தைகளோடு வேலை செய்கிற பக்கம்தான் போவாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது இதைச் சொன்னாள். மாமா, அதாவது அவள் அப்பா, ரசத்தை ஊற்றிக்கொண்டே ஒரே வரியில் முடித்துவிட்டார். "சேவை பண்றது நல்லதுதான்மா. முதல்ல ஒரு வேலைக்குப் போ, அப்புறம் சேவை பண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். "சித்தி, நீங்கதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பீங்களே, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு விஷயமும் இதில் வந்து சேர்ந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா சொன்ன 'சேவை' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் மேல் குற்றமில்லை. இந்த ஊரில் அந்த வேலை சேவையாகத்தான் பிறந்தது.

குழந்தைகளுக்கென்று தனிச்சட்டம் போட்ட முதல் இந்திய மாகாணம் சென்னைதான். 1920-இல் வந்தது மதராஸ் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922, பம்பாய் 1924, எல்லாம் அதற்குப் பிறகுதான். தப்பு செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் போடக்கூடாது, வேறு மாதிரி கையாள வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். எண்ணம் சரி. ஆனால் அந்த 'வேறு மாதிரி'யைச் செய்ய ஆள் வேண்டுமே? அந்த ஆட்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்களாக இருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ஐ ஒட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கினார். போக இடமில்லாத பெண்பிள்ளைகளுக்கு முதலில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் இருக்கும் பால மந்திரை 1949-இல் ஆரம்பித்தவர் விடுதலைப் போராட்டத்தில் இருந்த எஸ்.மஞ்சுபாஷிணி. அப்புறம் மேரி கிளப்வாலா ஜாதவ். கணவர் இறந்தபின் கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பில் சேர்ந்து, அதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட பார்சி அம்மா.

இவர்களில் மேரி கிளப்வாலா செய்த ஒரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல மனசு மட்டும் போதாது, இதற்குப் படிப்பு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் ஆரம்பமானது. இப்போது எழும்பூர் காசா மேஜர் ரோட்டில் இருப்பது. (பம்பாயில் டாட்டா நிறுவனம் 1936-லேயே தொடங்கிவிட்டது.) அதாவது 'சமூக சேவகி' என்ற சொல்லிலிருந்து 'சமூகப்பணியாளர்' என்ற சொல்லுக்கு இந்த ஊர் மாற ஆரம்பித்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் மட்டும் இன்னும் முழுசாக மாறவில்லை. முதல் தலைமுறைக்குச் சம்பளம் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கையே பின்னால் வந்த, சம்பளம் தேவைப்படுகிற தலைமுறைக்கும் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் கீழே வரும் எண்களைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

சரி, உண்மையில் அந்த வேலை என்ன?

என்னோடு கல்லூரியில் படித்த ஒரு தோழி பதினோரு வருடமாக இதில் இருக்கிறாள். பெயர் வேண்டாம் என்றாள். "குழந்தைகளோட விளையாடுற வேலைன்னு நெனச்சுத்தான் நானும் வந்தேன். பாதி நேரம் எழுதுற வேலை, மீதி நேரம் பஸ்" என்றாள்.

எழுதுவது என்றால் சமூக விசாரணை அறிக்கை. ரயில்வே ஸ்டேஷனில் தனியாக நிற்கும் குழந்தை, வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை, வீட்டில் அடிபடும் குழந்தை என்று யாரையாவது கண்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவர வேண்டும். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் இதைச் சொல்கிறது. குழு உடனே ஒரு விசாரணைக்கு உத்தரவிடும். அந்த விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். அதை வைத்து 4 மாதத்துக்குள் குழு இறுதி முடிவு எடுக்க வேண்டும். தப்பு செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளை என்றால் குழு வேறு, இளைஞர் நீதிக் குழுமம். அங்கேயும் நன்னடத்தை அலுவலர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும்.

அந்த அறிக்கைக்குப் படிவம் உண்டு. முதல் வகைக் குழந்தைக்குப் படிவம் 22, இரண்டாவது வகைக்குப் படிவம் 6. குடும்பத்தில் யார் யார், என்ன வருமானம், வீடு எப்படி, பள்ளியை ஏன் விட்டான், கூட்டாளிகள் யார், உடம்பு எப்படி, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகிறதா, அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கட்டங்களை நிரப்புவது பெரிய விஷயமில்லை. "அம்மா பொய் சொல்றாங்களா, பயந்துபோய்ச் சொல்றாங்களாங்கறது கட்டத்துல வராது. அது உன் கையில இருக்கு" என்றாள் தோழி. பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு பதில் வரும். மறுநாள் போய் அதே அம்மா பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் வேறு பதில் வரும். இரண்டாவது தடவை போக நேரமிருந்ததா என்பதில் அந்தக் குழந்தை எங்கே வளரும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. வீடா, இல்லமா?

இங்கேதான் பழைய காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம். ஔவை இல்லம் காலத்தில் இல்லம் கட்டுவதுதான் குழந்தைகளைக் காப்பாற்றும் வழி. இப்போதைய சட்டம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழி என்கிறது. குழந்தை தன் குடும்பத்தோடு இருக்க முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் உறவினர், அப்புறம் வளர்ப்புக் குடும்பம், எதுவுமே ஆகாதபோதுதான் இல்லம். சட்டம் மாறிவிட்டது. நம் மனசு மாறவில்லை. பிறந்தநாளுக்கு 'ஹோம்'க்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவதுதான் நமக்குத் தெரிந்த குழந்தைகள் நலம்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். முன்பு இங்கே பக்கத்திலேயே கால்வாய் ஓரத்தில் இருந்தவர். குடியிருப்பைக் காலி செய்து அங்கே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். வேலை இங்கே, வீடு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பஸ். கணவர் விட்டுவிட்டுப் போய் நாலு வருடம். பையனுக்குப் பதினோரு வயது.

போன மாதம் ஒரு நாள் துடைப்பத்தை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச ஹோம் எதுனா இருந்தா பையனச் சேத்துவுட முடியுமா? சோறு போட்டு, ஸ்கூலுக்கு அனுப்பிச்சா போதும்."

எனக்கு உடனே தோன்றியது யாருக்குப் போன் செய்யலாம் என்பதுதான். நல்ல காரியம் செய்யப்போகிற சந்தோஷம்கூட வந்துவிட்டது. தோழியைத்தான் கூப்பிட்டேன். அவள் எந்த இல்லத்தின் பெயரையும் சொல்லவில்லை. "ஏன் சேக்கணும்னு நெனைக்கிறாங்க?" என்று கேட்டாள். கஷ்டம், வேறென்ன என்றேன். "என்ன கஷ்டம்? சோறு இல்லையா, அடிக்கிறாங்களா, படிக்கலையா? அதைக் கேட்டியா?" கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளே வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், யார் சாப்பாடு கொடுப்பார், பள்ளி எப்போது விடும், சாவி யாரிடம் இருக்கும், விளக்கு போடும்போது வீட்டில் யார், இப்படிக் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் வந்தது இதுதான். சோற்றுக்குப் பஞ்சமில்லை. பையன் படிக்கிறான். பள்ளி விட்டு மூன்றரைக்கு வீட்டுக்கு வருகிறான், அம்மா போய்ச் சேர எட்டு ஆகிறது. நடுவில் பிளாக் மொட்டைமாடியில் பெரிய பையன்களோடு உட்கார ஆரம்பித்திருக்கிறான். ஒரு நாள் சட்டையில் சிகரெட் வாடை. அம்மாவுக்குப் பயம்.

"இவங்களுக்கு ஹோம் வேண்டாம். நாலரை மணி நேரம்தான் வேணும்" என்றாள் தோழி, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த நாலரை மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் என் வீட்டுச் சாயங்காலப் பாத்திரம்.

பணத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். உண்டு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணவரை இழந்த, கைவிடப்பட்ட தாயிடம் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குழந்தையை இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்காக வந்த பணம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 8,000. நம் அம்மா நாலு வீட்டில் வேலை செய்து 11,000 சம்பாதிக்கிறார். ஓடி ஓடி உழைத்ததால் தகுதி போய்விட்டது. இரண்டு வீட்டை விட்டால் தகுதி வரும், ஆனால் பணம் கையில் வரும்வரை வாடகை, மளிகைக்கு என்ன செய்வது? இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் தோழி தினமும் போடுகிறாள்.

அக்கா மகளிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள். நான் தோழியிடம் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொன்னேன்: இந்த வேலையில் எது உன்னைத் தூங்கவிடாமல் செய்தது?

அடிபட்ட குழந்தைகளைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பதினேழு வயதுப் பெண்களைப் பற்றிச் சொன்னாள். ஒரு பெண் நம்பி வந்து, தான் ஒரு பையனைக் காதலிப்பதாக, உறவு இருப்பதாகச் சொன்னால், 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை. பெண் கெஞ்சினாலும் ரகசியம் காக்க வழியில்லை. சிறு குழந்தையை ஒருவன் துன்புறுத்தும்போது இந்தக் கட்டாயம்தான் குழந்தையைக் காப்பாற்றுகிறது, குடும்பம் மூடி மறைக்க முடியாமல் செய்கிறது. அதே கட்டாயம் காதல் விவகாரத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்புகிறது. சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பேசியிருக்கிறது. 2019-இல் நீதிபதி வி.பார்த்திபன் வயது வரம்பை 16 ஆக்குவதைப் பரிசீலிக்கலாம் என்றார். 2021-இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அப்படியொரு வழக்கை ரத்து செய்தார். சட்டத்தில் வயது 18 ஆகவேதான் இருக்கிறது. "அதனால பேச்சை ஆரம்பிக்கும்போதே சொல்லிடுவேன், நீ சொல்றதுல சிலதை நான் மறைக்க முடியாதுன்னு. பாதிப் பேர் அதோட எழுந்து போயிடுவாங்க" என்றாள். அவர்கள் அப்புறம் யாரிடம் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய தூக்கம்.

இனி மாமாவின் கேள்வி. படிப்பும் சம்பளமும்.

எம்எஸ்டபிள்யூ இரண்டு வருடம். சென்னையில் எழும்பூர் கல்லூரி தவிர லயோலா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, எங்களுக்கு நடக்கிற தூரத்தில் கத்தீட்ரல் ரோடு ஸ்டெல்லா மாரிஸ் எல்லாவற்றிலும் இந்தத் துறை உண்டு. வகுப்போடு சேர்ந்தே களப்பணி, வாரத்தில் சில நாள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் உட்கார வேண்டும். எந்தக் கல்லூரி என்பதைவிடக் களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், மேற்பார்வை செய்பவர் அறிக்கையைப் படித்துத் திருத்துகிறாரா என்று கேட்கச் சொல்கிறாள் தோழி.

ஒரு வேடிக்கை. சமூகப்பணி படித்தவர்களில் நிறையப் பேர் மனிதவளத் துறைக்குப் போகிறார்கள். காரணம் தேடினால் ஒரு பழைய சட்டம் கிடைக்கிறது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குச் சமூகப்பணிப் படிப்பு பொருந்தியது. சம்பளம் ஆலை கொடுத்தது. ஒரு சட்டம் ஒரு நிரந்தர வேலையை உண்டாக்கினால் படிப்பு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

குழந்தைகள் சட்டமும் வேலைகளை உண்டாக்கியிருக்கிறது, ஆனால் ஒப்பந்த வேலைகளை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைத் தேடிப் படித்தேன். பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய். சமூகப் பணியாளருக்கு 18,536. ஆற்றுப்படுத்துநருக்கும் அதே. (கவுன்சிலருக்கு அரசு வைத்த பெயர் இது. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழி காட்டி அனுப்புதல். பெயர் வைத்தவருக்கு ஒரு வணக்கம்.) வீடு வீடாகப் போகும் புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. ஓராண்டு ஒப்பந்தம், பிறகு புதுப்பித்தால் உண்டு. 10,592-ஐ இன்னொரு தடவை பாருங்கள். எங்கள் வீட்டு அம்மாவின் பையனைப் பார்க்கப் பெரும்பாக்கத்துக்குப் போக வேண்டிய அரசு ஊழியர், அந்த அம்மாவைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்.

தொண்டு நிறுவனங்கள் இன்னொரு வழி. துளிர் மாதிரி குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கென்றே 2004-லிருந்து சென்னையில் வேலை செய்யும் அமைப்புகளில் ஆழமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திட்டத்துக்கு வரும் பணம் நின்றால் வேலையும் நிற்கும். 1098 உதவி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் பம்பாயில் ஆரம்பித்து, நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்தது. 2023-இல் அரசு அதைத் தானே எடுத்துக்கொண்டபோது வருடக்கணக்காக அந்தப் போனை எடுத்தவர்கள் பலர் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. பிரிட்டனில் சமூகப்பணியாளர் என்பது டாக்டர் மாதிரி பதிவு பெற்றால்தான் போட்டுக்கொள்ளக்கூடிய பட்டம். இங்கே யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் படித்தவருக்குத் தனி மதிப்பும் இல்லை, தவறு செய்தவரின் பதிவை ரத்து செய்யவும் வழியில்லை.

தவறு நடந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் இறந்ததை நினைத்துக்கொள்ளலாம். இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு அரசு இல்லங்களின் நிலையை ஆராய்ந்தார்கள். 'கூர்நோக்கு' என்று எவ்வளவு அழகான பெயர்.

நீண்ட கால வழி ஒன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. இளைஞர் நீதிக் குழுமம் என்பது ஒரு நீதிபதி மட்டுமல்ல. அவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்கார வேண்டும், அதில் ஒருவராவது பெண். குழந்தைகள் சார்ந்த வேலையில் ஏழு வருட அனுபவம் அதற்கு ஒரு தகுதி. படிவம் 6-ஐ எழுதியவள் ஒரு நாள் அதைப் படித்து முடிவு சொல்லும் இடத்தில் உட்காரலாம்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் ஒரு சாயங்காலம் சொன்னேன். எண்களை மறைக்கவில்லை. முதல் ஐந்து வருடம் அப்பா வீட்டில் இருந்தால்தான் இந்த ஊரில் சமாளிக்க முடியும் என்றும் சொன்னேன். மாமாவும் பக்கத்தில் இருந்தார். 18,536 என்றதும் சிரித்தார், 10,592 என்றதும் சிரிக்கவில்லை. "இதுக்கு எவன்மா வருவான்?" என்றார். அவர் கோபம் இந்தத் தடவை மகள் மேல் இல்லை என்று தோன்றியது. அவள் விண்ணப்பப் படிவம் வாங்கிவிட்டாள். மனிதவளப் பாடத்தை இரண்டாவது விருப்பமாகப் போடச் சொல்லி மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுச் சாயங்காலப் பாத்திரத்தை இப்போது நானே கழுவுகிறேன், சம்பளத்தைக் குறைக்கவில்லை. கீழ் வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்குச் சாயங்காலம்தான் வசதியாம். அந்த அம்மா இப்போது ஆறரைக்குப் போய்ச் சேருகிறார். மூன்றரையிலிருந்து ஆறரை வரை பையனை வைத்துக்கொள்ள அந்தப் பிளாக்கிலேயே யாராவது கிடைப்பார்களா என்று பார்க்க தோழி அடுத்த வாரம் பெரும்பாக்கம் போகிறாள். அக்கா மகளும் கூடப் போகிறாள்.